குளோராம்பெனிகாலை அளக்க எந்த ஆன்டிபாடி? மருந்தின் எந்த முகத்தை அது பார்த்திருக்கிறது என்று கேளுங்கள்

கேட்கப்பட்டது இது: எதிர்ப்பு ஜீன் ஏற்றிய பாக்டீரியாவைக் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த ஊடகத்தில் வளர்க்கிறீர்கள். சில மணி நேரம் கழித்து ஊடகத்தில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்று எலைசாவில், அதாவது ஆன்டிபாடியால் பிடித்து நொதி தரும் நிறத்தை வைத்து அளவு பார்க்கும் முறையில், அளக்க வேண்டும். விற்பனைப் பட்டியலைத் திறந்தால் இந்த ஒரு மருந்துக்கே ஏகப்பட்ட ஆன்டிபாடிகள் இருக்கின்றன. எதை வாங்குவது? இரண்டை வாங்கி சாண்ட்விச் முறையில் செய்யலாமா? அதே ஆன்டிபாடியை வைத்துச் செல்லுக்குள் மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று படமும் எடுக்கலாமா?

சாண்ட்விச் முடியாது. படம் எடுப்பது இந்த மருந்துக்கு அநேகமாக முடியாது. எதை வாங்குவது என்ற கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. உங்கள் சோதனையில் தவறான ஆன்டிபாடி ‘வேலை செய்யாமல்’ போகாது. அழகாக வேலை செய்து, தவறான எண்ணைத் தரும். எதிர்ப்பு ஜீன் முழு வேகத்தில் மருந்தைச் செயலிழக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே ‘மருந்து அப்படியே இருக்கிறது’ என்று அது சொல்லக்கூடும்.

அதற்கு முன் பட்டியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மருந்தின் பெயரைத் தேடினால் வருகிற எல்லாமே மருந்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் அல்ல. குளோராம்பெனிகால் என்று தேடினால் குளோராம்பெனிகால் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ், அதாவது ஆய்வகங்களில் ‘கேட்’ என்று சொல்லப்படும் நொதிக்கு எதிரானவையும் வந்து நிற்கும். அது பல ஆண்டுகள் ரிப்போர்ட்டர் ஜீனாக (வேறொரு ஜீன் இயங்குகிறதா என்று காட்டும் அடையாளமாக) பயன்பட்ட நொதி என்பதால் அதற்கான ஆன்டிபாடிகளுக்குப் பஞ்சமே இல்லை. கானமைசினைத் தேடினால் நியோமைசின் பாஸ்போடிரான்ஸ்ஃபெரேஸும், ஆம்பிசிலினைத் தேடினால் பீட்டா-லாக்டமேஸும் இப்படியே வரும். இவை 25 முதல் 30 கிலோடால்டன் எடையுள்ள புரதங்கள். எதிர்ப்பைத் தரும் புரதத்தை அளப்பது ஒரு வேலை, மருந்தை அளப்பது வேறு வேலை. அவசரத்தில் ஆர்டர் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். தயாரிப்புத் தாளில் ‘இம்யூனோஜன்’ (ஆன்டிபாடியை உண்டாக்க விலங்குக்கு ஏற்றிய பொருள்) என்ற வரியைப் படியுங்கள். அங்கே நொதியின் பெயர் இருந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குளோராம்பெனிகாலின் மூலக்கூறு எடை 323 டால்டன். ஒரு ஐஜிஜி ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000. இவ்வளவு சிறிய மூலக்கூறைத் தனியாக முயலுக்கோ எலிக்கோ ஊசியில் ஏற்றினால் ஆன்டிபாடி உண்டாகாது. பெரிய புரதம் ஒன்றோடு வேதிப் பிணைப்பால் ஒட்டி ஏற்றினால் உண்டாகும். தானாக நோயெதிர்ப்பைத் தூண்டாமல், உண்டான ஆன்டிபாடியோடு மட்டும் பிணையக்கூடிய இத்தகைய சிறு மூலக்கூறுகளுக்கு ஹேப்டன் என்று பெயர் வைத்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். ரத்த வகைகளைக் கண்டறிந்ததற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்ற அதே லாண்ட்ஸ்டைனர்தான். சிறு மூலக்கூறுகளைப் புரதத்தில் ஒட்டி அவர் செய்த சோதனைகள் ஆன்டிபாடியின் கூர்மையைக் காட்டின. பென்சீன் வளையத்தில் ஓர் அமிலத் தொகுதி ஆர்த்தோ, மெட்டா, பாரா ஆகிய மூன்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக்கூட அவை பிரித்தறிந்தன.

நமக்கு அதிலிருந்து கிடைக்கும் முக்கியமான பாடம் வேறு. புரதத்தில் ஒட்டிய முனை ஆன்டிபாடிக்கு மறைந்துபோகிறது. புரதத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத்தான் அது நுணுக்கமாக அறிகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கும் ஒருவரைப் படமெடுத்தால் முதுகு படத்தில் வராது. பிறகு அந்த முதுகில் மூட்டையே ஏறியிருந்தாலும், படத்தை வைத்து ஆளைத் தேடுகிறவர் ‘இவர்தான்’ என்று சொல்லிவிடுவார். ஆகவே ‘குளோராம்பெனிகாலுக்கு எதிரான ஆன்டிபாடி’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. இன்ன இடத்தில் ஒட்டப்பட்ட குளோராம்பெனிகாலுக்கு எதிரான ஆன்டிபாடி என்றே ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

அந்த மூலக்கூறை மனதில் வரைந்து பாருங்கள். ஒரு முனையில் நைட்ரோ தொகுதி தாங்கிய பென்சீன் வளையம். நடுவில் மூன்று கார்பன் கொண்ட சிறு சங்கிலி. அதன் 1-ஆம் கார்பனிலும் 3-ஆம் கார்பனிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில். 2-ஆம் கார்பனிலிருந்து பக்கவாட்டில் டைகுளோரோஅசிட்டமைடு தொங்குகிறது. புரதத்தோடு இதை ஒட்ட இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி 3-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில். அதில் சக்சினிக் அமிலத்தை எஸ்டராக ஏற்றினால் ஹெமிசக்சினேட் கிடைக்கும். அதன் வெறுமையான கார்பாக்சிலைக் கார்போடைஇமைடு கொண்டு புரதத்தின் லைசின்களோடு இணைத்துவிடலாம். இது மிகவும் வசதியான வழி, ஏனென்றால் நரம்பு வழியாகச் செலுத்துவதற்கான மருந்தே சக்சினேட் எஸ்டர் வடிவில்தான் வருகிறது. வேதியியல் வேலையில் பாதி முடிந்த மாதிரி. இரண்டாம் வழி எதிர் முனை. நைட்ரோவை அமீனாக ஒடுக்கி, டைஅசோ உப்பாக்கி, புரதத்தின் டைரோசின், ஹிஸ்டிடின்களோடு பிணைப்பது.

இப்போது உங்கள் பாக்டீரியாவுக்கு வருவோம். கேட் நொதி என்ன செய்கிறது? அசிட்டைல் கோஎன்சைம்-ஏயிலிருந்து ஓர் அசிட்டைலை எடுத்து மருந்தின் 3-ஆம் கார்பன் ஹைட்ராக்சிலில் ஏற்றுகிறது. அத்தோடு மருந்து ரைபோசோமில் உட்காரும் தகுதியை இழந்துவிடுகிறது. முதல் வழியில் ஒட்டிய இடமும் அதே ஹைட்ராக்சில்தான் என்பதைக் கவனியுங்கள். ஆன்டிபாடி உருவானபோது அந்த இடத்தில் ஓர் எஸ்டர் இருந்தது. செயலிழந்த மருந்திலும் அதே இடத்தில் ஓர் எஸ்டர் இருக்கிறது. அந்த ஆன்டிபாடிக்கு அசிட்டைல் ஏறியது வேற்று மூலக்கூறாகத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. சில வேளைகளில் வெறும் மருந்தைவிட அசிட்டைல் ஏறியதை அது இன்னும் இறுக்கமாகப் பிடித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், ஏனென்றால் அதற்கு முதலில் காட்டப்பட்ட வடிவத்துக்கு அதுதான் நெருக்கம். விளைவு: நொதி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்கள் எலைசா ஒரே எண்ணைச் சொல்லும்.

மருத்துவ மாதிரிகளிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். மருந்தை வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் குளுகுரோனைடு என்ற சர்க்கரைத் தொகுதியை ஏற்றுவதும் அந்த 3-ஆம் இடத்தில்தான். சக்சினேட் வடிவில் செலுத்தப்பட்ட மருந்து, உடலின் எஸ்டரேஸ் நொதிகள் அதைப் பிளக்கும் வரை செயலற்றது. சக்சினேட் வழி ஆன்டிபாடி இவை எல்லாவற்றையும் மருந்துக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். உணவுச் சோதனையில் இது குறையே இல்லை. தடை செய்யப்பட்ட மருந்து விலங்குக்குக் கொடுக்கப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. குளுகுரோனைடும் சேர்ந்து பிடிபட்டால் நல்லதுதான். பட்டியலில் உள்ள பல ஆன்டிபாடிகள் அந்தத் தேவைக்காக உருவானவை. உங்கள் தேவை அதுவல்ல.

நைட்ரோ முனையில் ஒட்டி உருவாக்கிய ஆன்டிபாடிக்கு 3-ஆம் கார்பன் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். அசிட்டைல் ஏறியதை அது கண்டுகொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பதிலுக்கு, நைட்ரோ இருக்கும் இடத்தில் மெத்தில்சல்போனைல் கொண்ட தயாம்பெனிகாலை அது குளோராம்பெனிகால் என்று எண்ணிவிடலாம். உங்கள் குடுவையில் தயாம்பெனிகால் இல்லை. அதனால் கவலை இல்லை. குறுக்குவினை, அதாவது ஆன்டிபாடி வேற்று மூலக்கூறையும் பிடிப்பது, நல்லதா கெட்டதா என்பதை உங்கள் மாதிரியில் என்னென்ன இருக்கின்றன என்பதே முடிவு செய்கிறது. பட்டியலில் ‘மிகத் துல்லியமானது’ என்று போட்டிருப்பதற்கு அதனால்தான் நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

இதே தர்க்கம் மற்ற மருந்துகளுக்கும் போகும். சல்ஃபா மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாகம் அனிலின் வளையம்; மறுமுனை வளையம்தான் ஒன்றுக்கொன்று மாறுகிறது. பொது முனையில் ஒட்டினால் மாறும் முனை வெளியே தெரியும், ஒற்றை மருந்துக்கான ஆன்டிபாடி கிடைக்கும். மாறும் முனையில் ஒட்டினால் குடும்பம் முழுவதையும் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு வாய்ப்பு அதிகம். ஸ்ட்ரெப்டோமைசினை அதன் ஆல்டிஹைடு வழியாக ஒட்டினால், அந்த ஆல்டிஹைடு ஆல்கஹாலாக மாறிய டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசினை அது ஏறக்குறைய சமமாகவே பிடிக்கும். மாறியது ஒட்டிய இடம்தானே.

பென்சிலின் தனி ரகம். அதன் பீட்டா-லாக்டம் வளையம் புரதத்தின் லைசினைக் கண்டால் தானே திறந்துகொண்டு ஒட்டிக்கொள்ளும். இப்படி உருவாகும் பென்சிலாயில் வடிவத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் திறந்த வளையத்தை நன்றாக அறியும். மூடிய வளையத்தோடு வேலை செய்யும் உயிருள்ள மருந்தை அந்த அளவுக்கு அறியாமல் போகலாம். அளக்க வேண்டியது மூடிய வளையம். ஆன்டிபாடிக்குத் தெரிந்ததோ திறந்தது. அதனால்தான் பாலில் பென்சிலின் வகை மருந்துகளைத் தேடும் விரைவுச் சோதனைகள் பலவற்றில் ஆன்டிபாடியே இல்லை. பாக்டீரியாவின் பென்சிலின்-பிணை புரதத்தை ஏற்பியாக வைத்திருப்பார்கள். மூடிய வளையத்தை மட்டும் பிடிப்பது அந்தப் புரதத்தின் இயல்பு. மருந்தின் செயலைத் தெரிந்துகொள்ள மருந்தின் இலக்கையே கருவியாக்குவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாட்டிக் குடும்பத்தில் நிலைமை தலைகீழ். தாய் மருந்து உடலில் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். அதன் துண்டுகள் திசுப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் ஃபியூரசோலிடோனுடைய துண்டுக்கு ‘ஏஓஇசட்’ என்று பெயர். எடை 102 டால்டன். இவ்வளவு சிறியதற்கு நல்ல ஆன்டிபாடி உருவாக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால் மாதிரியை அமிலத்தில் பிளந்து, 2-நைட்ரோபென்சால்டிஹைடோடு வினைபுரிய வைத்து, அந்தப் பெரிதாக்கிய வடிவத்துக்கு எதிராக ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். ஆன்டிபாடிக்கு ஏற்றபடி மாதிரியையே மாற்றிக்கொள்ளும் வழி இது. இத்தகைய கிட்டில் வினைபுரிய வைக்கும் படியை விட்டுவிட்டால், மாதிரியில் மருந்துத் துண்டு நிறைய இருந்தாலும் விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும்.

சாண்ட்விச் கேள்வி. அந்த முறையில் ஓர் ஆன்டிபாடி ஒரு பக்கம் பிடிக்க, இன்னொன்று மறு பக்கம் பிடிக்க வேண்டும். 323 டால்டன் மூலக்கூறு முதல் ஆன்டிபாடியின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய முழுதாக அமிழ்ந்துவிடும். இரண்டாவதற்குப் பிடிக்க இடமில்லை. மருந்தும் முதல் ஆன்டிபாடியும் சேர்ந்த கூட்டமைப்பை மட்டும் அறியும் இரண்டாம் ஆன்டிபாடிகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் அவை சிறப்பு வேலைகள், பட்டியலில் வாங்கும் இரண்டை வைத்து அது அமையாது.

ஆகவே போட்டி முறைதான். தட்டின் குழிகளில் மருந்து ஒட்டிய புரதம் ஒன்றைப் பூசி வைப்பீர்கள். மாதிரியையும் அளவான ஆன்டிபாடியையும் சேர்த்து ஊற்றினால், மாதிரியில் மிதக்கும் மருந்தும் தட்டில் ஒட்டிய மருந்தும் ஆன்டிபாடிக்காகப் போட்டியிடும். மாதிரியில் மருந்து கூடக் கூட தட்டில் தங்கும் ஆன்டிபாடி குறையும், நிறமும் குறையும். முதல் முறை செய்பவர்கள் நிறம் வராத குழியைப் பார்த்துக் கலங்குவார்கள். அதுதான் மருந்து அதிகமுள்ள குழி. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க முறையின் அடிப்படையும் இந்தப் போட்டிதான். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார். கதிரியக்கத்துக்குப் பதில் நொதியை வைத்த எலைசா 1971-ல் வந்தது.

போட்டி முறையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆன்டிபாடியை அதிகமாகப் போட்டால் நிறம் பளிச்சென்று வரும், உணர்திறன் கெட்டுப்போகும். எல்லோருக்கும் போதுமான ஆன்டிபாடி இருந்தால் போட்டி எங்கே? பூசும் புரதத்தையும் ஆன்டிபாடியையும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பல அளவுகளில் வைத்துப் பார்த்து, மருந்து இல்லாத குழியில் ஒளி உட்கவர்வு 1-க்குச் சற்று மேலே நிற்கும்படி, இரண்டிலும் இயன்ற அளவு குறைந்த செறிவைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைப் பாதியாக்கும் மருந்துச் செறிவுக்கு ஐசி50 என்று பெயர். எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் அது ஆன்டிபாடியின் பிரிகை மாறிலியைவிட (பிணைப்பு இறுக்கமாக இருந்தால் இது சிறியதாக இருக்கும்) வெகுவாகக் கீழே இறங்காது. லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் குளோராம்பெனிகால் என்பது ஏறக்குறைய 0.9 நானோமோலார், அந்த மட்டத்தில் அளக்க வேண்டுமானால் பிரிகை மாறிலி நானோமோலாரிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

உங்களுக்கு அந்த உணர்திறன் தேவையா? இங்கேதான் பலர் தேவையில்லாத பண்புக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிளாஸ்மிட் (எதிர்ப்பு ஜீனைச் சுமக்கும் வளைய டிஎன்ஏ) வைத்த பாக்டீரியாவுக்கு வழக்கமாகப் போடும் அளவு மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் அளவில் இருக்கும், அதாவது 25,000 நானோகிராம். உணவுச் சோதனைக்கான கிட்கள் அளக்கும் நெடுக்கம் ஒரு நானோகிராமுக்குச் சற்றுக் கீழும் மேலும். உங்கள் மாதிரியைப் பத்தாயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால்தான் 2.5 நானோகிராமுக்கு வரும். அதில் ஒரு லாபம் உண்டு: ஊடகத்தின் உப்பு, பெப்டைடுகள், மருந்தைக் கரைத்த எத்தனால் எல்லாமே அந்த நீர்த்தலில் ஒன்றுமில்லாமல் போய்விடும், மாதிரிக் குறுக்கீடு என்ற தலைவலி இல்லை. நஷ்டம், அடுக்கடுக்கான நீர்த்தலில் பிப்பெட் பிழை சேரும். ஆகவே மூன்று நீர்த்தல்களிலாவது அளந்து, திருப்பிப் பெருக்கினால் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள். மருந்தே போடாமல் வளர்த்த ஊடகத்தில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சுமந்து சென்ற புரதமும் குழப்பம் செய்யும். மருந்தை பிஎஸ்ஏ, அதாவது மாட்டு அல்புமினில் ஒட்டி முயலுக்கு ஏற்றியிருந்தால், அந்த முயலின் சீரத்தில் மருந்துக்கு எதிரான ஆன்டிபாடிகளோடு அல்புமினுக்கு எதிரானவையும் நிறைய இருக்கும். தட்டிலும் பிஎஸ்ஏ இணைப்பையே பூசினால், போட்டிக்குச் சம்பந்தமில்லாத ஆன்டிபாடிகள் அல்புமினில் உட்கார்ந்து நிறம் தரும். எவ்வளவு மருந்து சேர்த்தாலும் அந்த நிறம் இறங்காது. பூசுவதற்கு முட்டை அல்புமினில் ஒட்டியதை எடுத்துக்கொள்வது வழக்கம். விலங்குச் செல் வளர்ப்பில் மாட்டுச் சீரம் கலந்த ஊடகத்தை அளப்பவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. ஆன்டிபாடி, மருந்தை மட்டுமின்றி மருந்தையும் புரதத்தையும் இணைத்த சங்கிலியையும் சேர்த்து அறிந்துவிடுவதும் உண்டு. அப்போது தட்டில் உள்ளதை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மிதக்கும் மருந்து போட்டியில் தோற்கும். பூசும் இணைப்பில் வேறு நீளமோ வேறு வகையோ உள்ள சங்கிலியை வைப்பது இதற்குத் தீர்வு. தரமான கிட்களில் இதையெல்லாம் முன்பே பார்த்திருப்பார்கள்; ஆன்டிபாடியைத் தனியாக வாங்கி நீங்களே முறை அமைத்தால் இவை உங்கள் பொறுப்பு.

மோனோகுளோனலா (ஒரே செல் வழி வந்த ஒரே வகை ஆன்டிபாடி) பாலிகுளோனலா (விலங்கின் சீரத்தில் உள்ள பல வகைகளின் கலவை) என்று கேட்பீர்கள். கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் ஹைபிரிடோமா முறையைக் கொண்டுவந்த பிறகு ஒரே ஆன்டிபாடியை ஆண்டுக்கணக்கில் எடுக்க முடிகிறது. வருடங்கள் நீளும் ஆய்வுக்கு மோனோகுளோனலே நல்லது. முயல் மாறினால் பாலிகுளோனலின் குறுக்குவினையும் மாறும். வேறு விசேஷமில்லை, நல்ல முயல் சீரம் ஒன்று மோசமான மோனோகுளோனலை எளிதாகத் தோற்கடிக்கும்.

படமெடுக்கும் ஆசைக்கு வருவோம். செல்லைப் பதப்படுத்தி, சவ்வைத் துளையிட்டு, பலமுறை கழுவிய பிறகே ஆன்டிபாடி உள்ளே போகும். புரதங்களை ஃபார்மால்டிஹைடு அதனதன் இடத்தில் கட்டிவைக்கும். 323 டால்டன் குளோராம்பெனிகாலில் ஆல்டிஹைடு பிடித்துக்கொள்ள அமீன் தொகுதி இல்லை. முதல் கழுவலிலேயே போய்விடும். பிறகு படத்தில் ஒளி தெரிந்தால் அது வேறு எதையோ பிடித்த ஒளி. ஜென்டமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் இதில் அதிர்ஷ்டசாலிகள். அமீன்கள் நிறைய இருப்பதால் குளூடரால்டிஹைடு அவற்றைப் பக்கத்துப் புரதங்களோடு கட்டிவிடும். சிறுநீரக நுண்குழாய்ச் செல்களின் லைசோசோம்களிலும் உள்காதின் மயிர்ச் செல்களிலும் ஜென்டமைசின் சேர்வதை ஆன்டிபாடி கொண்டு காட்ட முடிந்தது இதனால்தான். அங்கும் ஆன்டிபாடி கட்டப்பட்ட வடிவத்தை அறிய வேண்டும். ஆன்டிபாடியை முதலில் வெறும் மருந்தோடு கலந்துவிட்டுப் பூசினால் ஒளி அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக்கை அறியும் ஆன்டிபாடிகளில் உயிரியல் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ஒன்று, மருந்தை அளக்கவே பயன்படுவதில்லை. பியூரோமைசினைச் சொல்கிறேன். ரைபோசோமுக்குள் அமினோ அமிலம் ஏந்திய டிஆர்என்ஏவின் முனை போல வேடமிட்டு நுழைந்து, வளர்ந்துகொண்டிருக்கும் புரதச் சங்கிலியில் தானே ஒட்டிக்கொண்டு, அதைப் பாதியில் முடித்துவைக்கும் மருந்து அது. குறைந்த அளவில், சில நிமிடங்கள் மட்டும் கொடுத்தால், பியூரோமைசின் ஒட்டிய சங்கிலிகளின் எண்ணிக்கை அந்த நேரத்தில் நடந்த புரத உற்பத்தியின் வேகத்தைக் காட்டும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பியூரோமைசின் ஆன்டிபாடியைப் போட்டால், மேலிருந்து கீழ்வரை தீற்றலாக வரும் அடர்த்திதான் அளவு. 2009-ல் வெளியான ‘சன்செட்’ என்ற இந்த முறை, கதிரியக்க மெத்தியோனினைப் பல ஆய்வகங்களிலிருந்து வெளியேற்றியது. தனியாக மிதக்கும் பியூரோமைசின் கழுவலில் போய்விடும், புரதத்தில் ஒட்டியது மட்டும் நிற்கும். குளோராம்பெனிகாலுக்குக் குறையாக இருந்த அதே கழுவல் இங்கே முறையின் ஆதாரம்.

இதிலும் ஒரு பொறி உண்டு, எதிர்ப்பு ஜீன் சார்ந்ததுதான். லென்டிவைரஸால் ஜீனைச் செலுத்தி, பியூரோமைசின் போட்டுத் தேர்ந்தெடுத்த செல்களில் பியூரோமைசின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபெரேஸ் இருக்கும். புரதச் சங்கிலியோடு சேர வேண்டிய அந்த அமீனிலேயே அது அசிட்டைலை ஏற்றிவிடும். மருந்து சங்கிலியில் சேராது. அப்படிப்பட்ட செல்லில் இந்த முறையைச் செய்து, தீற்றல் மங்கலாக இருப்பதைப் பார்த்து ‘புரத உற்பத்தி குறைந்துவிட்டது’ என்று எழுதினால் அது செல்லின் செய்தி அல்ல, தேர்வு ஜீனின் செய்தி. எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் பயன்படுத்துகிறவர்கள், திசுவின் சொந்த ஐஜிஜி 50, 25 கிலோடால்டனில் பட்டையாக வருவதையும் எதிர்பார்க்க வேண்டும். முதல் ஆன்டிபாடியின் துணைவகையை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி அதைக் குறைக்கும்.

விற்பனையாளரிடம் என்ன கேட்பது? மருந்து எந்தப் புரதத்தோடு, மூலக்கூறின் எந்த இடத்தில், எந்த வேதியியலால் ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். குறுக்குவினை அட்டவணை ஐசி50 விகிதத்தில் கணக்கிடப்பட்டதா, எந்த முறை அமைப்பில் என்றும் கேளுங்கள். அமைப்பு மாறினால் அந்தச் சதவீதங்களும் மாறும். ‘நிறுவன ரகசியம்’ என்று பதில் வந்தால் சிறிய அளவு மாதிரி கேட்டு நீங்களே சோதிக்கலாம். அதற்கு எளிய வழி, குளோராம்பெனிகால் சக்சினேட்டைப் புதிதாகக் கரைத்து, வெறும் மருந்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டின் ஐசி50-ஐயும் மோலார் கணக்கில் ஒப்பிடுவது. சக்சினேட் சமமாகவோ சிறப்பாகவோ போட்டியிட்டால் அந்த ஆன்டிபாடி 3-ஆம் இடத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் வேலைக்கு ஆகாது. சக்சினேட் பல மடங்கு பின்தங்கினால் நம்பிக்கை வைக்கலாம். உறுதிக்கு, தூய கேட் நொதியும் அசிட்டைல் கோஎன்சைம்-ஏயும் கொண்டு மருந்தை மாற்றி, மெல்லடுக்கு நிறப்பிரிகையில் மாற்றம் முடிந்ததைப் பார்த்துவிட்டு, அதையும் தட்டில் வைத்துப் பாருங்கள். ஆன்டிபாடிக் குப்பியில் சோடியம் அசைடு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; நிறம் தரும் பெராக்சிடேஸ் நொதியை அது முடக்கும். நீர்த்த பிறகு பாதிப்பு தெரியாது, ஆனால் கழுவும் கரைசலில் அசைடு சேர்க்கும் பழக்கமுள்ள ஆய்வகங்களில் தட்டு முழுவதும் வெளுத்துக் கிடக்கும்.

இரண்டு ஆன்டிபாடிகளுக்குப் பணம் இருந்தால் தனித்தனித் தட்டுகளில் பயன்படுத்துங்கள். சக்சினேட் வழி வந்தது மருந்தையும் அசிட்டைல் ஏறியதையும் சேர்த்துச் சொல்லும். நைட்ரோ வழி வந்தது மாறாத மருந்தை மட்டும் சொல்லும். முதலாவது இரண்டையும் சமமாக அறிகிறது என்று சரிபார்த்திருந்தால், வித்தியாசமே நொதியின் வேலை.

எல்லாம் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்து: மாதிரிகள் சில டஜன்தான் என்றால் இந்தச் சோதனைக்கு ஆன்டிபாடியே வாங்க வேண்டாம். மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் குளோராம்பெனிகால் 278 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உட்கவரும். கரைசலில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் சாதாரண எச்பிஎல்சி (திரவ நிறப்பிரிகை) கருவியில் மாறாத மருந்து ஒரு முகடாகவும், அசிட்டைல் ஏறியவை தள்ளி வேறு முகடுகளாகவும் வந்துவிடும். எந்த ஆன்டிபாடியாலும் இவ்வளவு நேரடியாகக் காட்ட முடியாது. 96 குழித் தட்டுகளாக நூற்றுக்கணக்கில் மாதிரி வந்தால் எலைசாவுக்குப் போங்கள். ஜென்டமைசினை அளக்க வேண்டி வந்தால் கதை வேறு. அதற்குப் புற ஊதாவில் உட்கவர்வு கிட்டத்தட்ட இல்லை, சி1, சி1ஏ, சி2 எனப் பல வடிவங்களின் கலவை அது, நிறப்பிரிகையில் அளக்க முதலில் வேறொன்றோடு வினைபுரிய வைக்க வேண்டும். அங்கே நல்ல ஆன்டிபாடிக்குச் செலவழிப்பது வீண் போகாது.